அந்துருண்டை மணக்கும் பெட்டியும் வரப்போகும் பேரப்பிள்ளையும்

ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்கிறார், போடவில்லை. பிறந்தது சேலத்தில் குகை என்கிற பகுதியில், அப்பா பட்டுத் தறி போட்டவர். கல்யாணமாகி மலைக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரர் காப்பித் தோட்டத்தில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே பெண், கோயம்புத்தூரில் இருக்கிறாள், இப்போது எட்டாவது மாதம். அடுத்த வாரம் வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு ஏற்காட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

சிக்கல் ஒரு தகரப் பெட்டி. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட ஜப்லாக்கள், இவர் கையால் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர், தன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்த துண்டுகள், தூளி கட்டிய நூல் சேலை, எல்லாம் அதில் 28 வருடமாகப் பத்திரமாக இருக்கின்றன. வருடா வருடம் பொங்கலுக்கு முன் பெட்டியைத் திறந்து புது அந்துருண்டை போட்டு மூடுவாராம். போன வாரம் வீடியோ காலில் ஆசையாகத் திறந்து காட்டியிருக்கிறார். பெண், “அந்தப் பெட்டியை வெளியே போடும்மா, அது இருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாளாம். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை.

கேள்விகள் இவை. அந்துருண்டையும் கற்பூரம்தானே, சாமிக்கே ஏற்றுகிறோமே, அதில் என்ன கெடுதல்? என் பெண்ணையும் இதே மாதிரி பெட்டித் துணியில்தான் வளர்த்தேன், அவளுக்கு என்ன ஆனது? கிருமிநாசினி ஊற்றித் துவைத்தால் போதாதா? அந்துருண்டை போடாவிட்டால் இந்த ஊர் ஈரத்தில் பீரோத் துணியெல்லாம் பூசணம் பிடிக்கிறதே, அதற்கு என்ன வழி? மழைக்காலம் வந்தால் வீட்டுக்காரருக்கு வீசிங், அதற்கும் குளிருக்கும் பயந்து பேசாமல் பிள்ளையைச் சேலத்தில் தங்கச்சி வீட்டிலேயே வைத்துக்கொள்வதா?

அம்மா, முதலில் உங்கள் பெண் விஷயம். அவள் சொன்ன விதம் தப்பு, சொன்ன விஷயம் சரி. எட்டாம் மாதத்தில், வயிற்றுக்குள் பிள்ளை உதைத்துக்கொண்டிருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் எதையாவது படித்துப் பயந்து போயிருப்பாள். அந்தப் பயம் உங்கள் மேல் பாய்ந்துவிட்டது. இதை இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

அந்துருண்டை கற்பூரம் இல்லை

பார்க்க ஒரே மாதிரி வெள்ளையாக இருப்பதால் வந்த குழப்பம் இது. ரசகற்பூரம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள், குழப்பம் இன்னும் கூடுகிறது. கடையில் விற்கும் அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலின், சிலது பாரா டைகுளோரோ பென்சீன். இரண்டும் திடப்பொருளாக இருந்து உருகாமலே நேராக ஆவியாகும். போன பொங்கலுக்குப் போட்ட உருண்டை இந்தப் பொங்கலுக்கு மிளகு அளவு ஆகியிருக்குமே, பார்த்திருப்பீர்கள். மீதி எங்கே போனது? பாதி உங்கள் வீட்டுக் காற்றில், பாதி துணிக்குள். (கற்பூரமும் சாது இல்லை. குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். சளிக்கு என்று கற்பூரத்தை எண்ணெயில் குழைத்துப் பச்சைக் குழந்தையின் நெஞ்சில் தேய்க்கிற பழக்கம் உங்கள் பக்கத்திலும் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.)

பெரியவர்கள் எப்போதோ பெட்டியைத் திறக்கும்போது கொஞ்சம் முகர்ந்தால் தலைவலியோடு போகும். பச்சைக் குழந்தை கதை வேறு. அதன் தோல் மெல்லிசு, ஈரலுக்கு இதை முறித்து வெளியேற்றுகிற சக்தி இன்னும் முழுதாக வந்திருக்காது. நாப்தலின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். நாம் என்ன செய்கிறோம்? உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அந்த மினுமினுப்போடு பெட்டித் துணியில் சுற்றுகிறோம். அப்புறம் பெட்டியிலிருந்து எடுத்த சேலையிலேயே தூளி கட்டி அதில் படுக்க வைக்கிறோம். தூளிக்குள் ஒரு தடவை தலையை விட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் சேலை முகத்துக்கு அரைச் சாண் தூரத்தில் மூடிக்கொண்டிருக்கும். அந்தப் பைக்குள் கிடந்து குழந்தை ஒரு நாளைக்குப் பதினைந்து, பதினாறு மணி நேரம் அதே காற்றைத்தான் இழுக்கும்.

கிருமிநாசினி பற்றிக் கேட்டீர்கள். அது கிருமியைக் கொல்லும், நாப்தலின் கிருமி இல்லையே. தண்ணீரில் கரையாத பொருளைத் தண்ணீரில் எத்தனை அலசினாலும் ஒரே துவையலில் முழுதாகப் போகாது. வெயிலும் காற்றும் பல நாள் பட்டால்தான் ஆவியாகிப் போகும். இஸ்திரி போட்டு வாடையை விரட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சூடு பட்டதும் அத்தனையும் கிளம்பி இஸ்திரி போடுகிறவர் மூக்கில்தான் ஏறும்.

“என் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே”

நியாயமான கேள்வி, தினம் ஒருவராவது என்னிடம் கேட்பதுதான். எல்லாக் குழந்தைக்கும் ஆகாது என்பதுதான் இதில் ஆபத்தே.

நம் ரத்தச் சிவப்பணுக்களைக் காப்பாற்ற ஜி6பிடி என்று ஒரு நொதி இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. உலகம் முழுக்க சுமார் 40 கோடிப் பேருக்கு இந்தக் குறை இருப்பதாகச் சொல்கிறார்கள், நம் நாட்டிலும் இருக்கிறது. சாதாரணமாக அவர்களுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது, தனக்கு இருப்பது தெரியாமலே வாழ்ந்து முடித்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சில மருந்துகளோ இந்த நாப்தலினோ உடம்பில் சேர்ந்தால் சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். பெரியவர்களுக்கு ரத்தசோகையும் கறுத்த சிறுநீரும். பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வேகமாக ஏறும், அது ஒரு அளவைத் தாண்டினால் மூளையைப் பாதிக்கும், கேட்கும் திறன் போகலாம்.

இந்தக் குறை பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும், அவர்களுக்கு இது தாய்வழியாக வருவது. உங்கள் பெண் அதைச் சுமந்துகொண்டே ஒரு தொல்லையும் இல்லாமல் வளர்ந்திருக்கலாம், அவளுக்குப் பையன் பிறந்தால் அவனுக்கு வர இரண்டில் ஒரு வாய்ப்பு. இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்பதற்கு உங்கள் பெண் நன்றாக வளர்ந்தது சாட்சி ஆகாது என்றுதான் சொல்கிறேன். குழந்தை பிறந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதைப் பார்த்துவிடலாம். பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பல வருடம் முன்பு நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது பிறந்து ஐந்தாம் நாள் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளங்கால் வரை மஞ்சள். பால் குடிக்கவில்லை, எழுப்பினாலும் எழவில்லை. பரிசோதித்துக்கொண்டே இருக்கிறேன், எங்கிருந்தோ அந்துருண்டை வாடை. சுற்றியிருந்த கம்பளியை மூக்கருகே கொண்டு போனதும் தெரிந்துவிட்டது. ரத்தம் மாற்றிப் பிழைக்க வைத்தோம். அந்தப் பாட்டி வார்டு வாசலில் கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அன்றைக்கு அவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

ஆகவே பெட்டித் துணி எதுவும் முதல் மூன்று மாதம் குழந்தை மேல் படவே வேண்டாம். தூளிச் சேலையும் சேர்த்துத்தான். உங்கள் பெண் வருவதற்கு முன்பே பெட்டி அவள் படுக்கிற அறையை விட்டுப் போகட்டும், தாயின் ரத்தத்தில் சேர்வது வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பீரோவுக்குள் கிடக்கும் உருண்டைகளையும் பொறுக்கிவிடுங்கள். குளியலறை வாஷ்பேசினில் ஒன்று இருக்கும், அதையும்.

பழைய துணியில்தான் முதலில் பிள்ளையை வாங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அருமையான பழக்கம், விட வேண்டியதில்லை. புதுத் துணியின் கஞ்சியும் சாயமும் பிள்ளைத் தோலுக்கு ஆகாது என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பழையது என்றால் பெட்டியில் கிடந்து பழையதானது இல்லை, உடுத்தித் துவைத்துப் பழையதானது. வீட்டுக்காரர் தினமும் கட்டுகிற நைந்த வேட்டி இரண்டு இருக்குமே, அதைத் துவைத்துக் கிழித்து வையுங்கள். தாத்தா வேட்டிக்குப் பதில் தாத்தா வேட்டிதான், ஒரு தலைமுறை இறங்கியிருக்கிறது, அவ்வளவே. மஞ்சள் ஸ்வெட்டரை மாதக்கணக்கில் காற்றாட விட்டு, வாடை சுத்தமாகப் போன பிறகு, முதல் பிறந்தநாள் போட்டோவுக்குப் போடுங்கள், அதுவும் அளவு சரியாக இருந்தால்.

இன்னொன்று, பேரன் தவழ ஆரம்பித்தால் இந்த உருண்டை அவன் கண்ணுக்கு மிட்டாய்தான். எப்போதாவது ஏதாவது குழந்தை வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பாலோ எண்ணெயோ கொடுக்காதீர்கள், கொழுப்போடு சேர்ந்து இன்னும் வேகமாக உள்ளே போகும். உருண்டை வந்த கவரையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி. அன்றைக்கு நன்றாக விளையாடுகிறதே என்று திரும்பி வந்துவிடக் கூடாது, சிவப்பணு உடைவது இரண்டு மூன்று நாள் கழித்துக்கூடத் தெரியும்.

பீரோவும் பூசணமும் வீசிங்கும்

அந்துருண்டை பூச்சிக்கான சாமான். உங்கள் பீரோவில் இருப்பது ஈரம். முப்பது வருடமாக ஒரு நோய்க்கு இன்னொரு நோயின் மருந்தைப் போட்டு வந்திருக்கிறீர்கள். உருண்டை ஈரத்தை ஒரு துளி உறிஞ்சாது, மக்கல் வாடையை அமுக்கி வைக்கும், அதனால் பூசணம் இருப்பதே உங்களுக்குத் தாமதமாகத் தெரிகிறது. பூச்சிக்கே வந்தாலும், துணியைத் தின்பது பறக்கிற அந்து இல்லை, அதன் புழு. அதுவும் கம்பளி, பட்டுப் பக்கம்தான் போகும். உங்கள் பீரோவில் முக்கால்வாசி பருத்திதானே? பருத்தியைக் கடிப்பது வெள்ளியாக மின்னி ஓடுமே, அந்தப் பூச்சி. அதற்குக் கஞ்சி போட்ட துணி என்றால் விருந்து, பூசணத்துக்கும் அப்படியே. உள்ளே வைக்கிற துணிக்குக் கஞ்சி போடாதீர்கள்.

நீங்கள் தறிக்காரர் வீட்டுப் பெண், உங்களுக்கு இது சீக்கிரம் புரியும். தறிக்குழியில் ஈரம் இருந்தால் நூல் அறாது என்று அப்பா சொல்லியிருப்பார். நூல் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், அதுதான் காரணம். நன்றாகக் காய்ந்த பருத்தியிலேயே எடையில் ஏழெட்டு சதவீதம் தண்ணீர் இருக்கும். பனிமூட்டம் இறங்குகிற ஊரில் அது இன்னும் கூடும். சேலம் 300 மீட்டர்கூட இல்லை, நீங்கள் சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறீர்கள். கீழே மொட்டை மாடியில் ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்கிற வேட்டி, உங்கள் கொடியில் ஐப்பசியில் மூன்று நாள் தொங்கும். அதைவிட மோசம், தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கும், குளிரா ஈரமா தெரியாது. சரி, காய்ந்துவிட்டது என்று மடித்து இரும்பு பீரோவில் அடுக்கிப் பூட்டுவோம். ராத்திரி இரும்பு குளிர்ந்து, உள்ளே இருக்கிற ஈரம் முழுக்க ஐஸ் தண்ணீர் டம்ளரில் வேர்க்கிற மாதிரி பின்தகட்டில் வேர்க்கும். கடைசி வரிசைத் துணியில்தான் கரும்புள்ளி அதிகம் என்று எழுதியிருக்கிறீர்களே, இதுதான்.

மடிக்கும் முன் ஒரு சோதனை. துணியின் தையல் மடிப்பில் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி வையுங்கள், ஆவி வந்தால் காயவில்லை. (பெட்டித் துணியில் வேண்டாம், மேலே சொன்ன காரணம்தான்.) இஸ்திரி போட்ட துணியையும் சூடு ஆறிய பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும். பீரோவை மழைச்சாரல் அடிக்கிற வெளிச்சுவரிலிருந்து நகர்த்தி உள்சுவர்ப் பக்கம் வையுங்கள், முடியாவிட்டால் ஒரு சாணாவது இடம் விட்டு, காலுக்கடியில் கட்டை கொடுங்கள். தட்டில் விரித்திருக்கும் பழைய பேப்பர் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மாற்றுங்கள். கடைக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் கவர்களைக் கழற்றிவிடுங்கள். கை நுழையாதபடி அடைத்து வைக்காதீர்கள். கட்டாத சேலை நாற்பது இருப்பதாக நீங்களே கணக்குச் சொல்கிறீர்கள், வாங்கிக்கொள்ளத் தங்கச்சி இருக்கிறார். மூட்டம் இல்லாத நாளில் பதினொன்றிலிருந்து இரண்டு வரை கதவைத் திறந்து போடுங்கள், மூட்டமான நாளில் தேவை இல்லாமல் திறக்காதீர்கள். வேப்பிலை போடுவதானால் சருகாகக் காய்ந்தது மட்டும், பச்சை இலை அதுவே ஈரம். வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம், ஆனால் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் இருக்கிறதே என்று அதைச் சுட்டு உரைத்துக் குழந்தை நாக்கில் தடவ வேண்டாம். பக்கத்து வீட்டில் செய்கிற மாதிரி பீரோவுக்குள் குண்டு பல்பு எரிய விடுவது நெருப்புக்கு வழி. ஈரத்தை இழுக்கும் என்று கிளிஞ்சல் சுண்ணாம்பு வைப்பதும் வேண்டாம், கண்ணில் பட்டால் கண் போகும்.

வீட்டுக்காரர் வீசிங் குளிரால் மட்டும் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் நாலாவது பக்கத்தில் நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், “பீரோவைத் திறந்து போர்வை எடுத்த அன்று ராத்திரி கூடுதலாக இருக்கும்” என்று. பூசணத் தூள் மூச்சுக்குழாயைச் சுருக்கும், அந்துருண்டை வாடையும் எரிச்சலூட்டும். துணி சரியானால் அவருக்கும் கொஞ்சம் அடங்கலாம். அதற்காக இன்ஹேலரை அவராக நிறுத்திவிடக் கூடாது, மழைக்கு முன் ஒரு தடவை நுரையீரல் மருத்துவரைப் பார்த்துவிடட்டும். குழந்தை வந்ததும் சாம்பிராணிப் புகை போடுவீர்கள். அதைப் போடாமல் இருந்தால் இரண்டு பேர் நுரையீரலுக்கும் நல்லது, தலை ஈரத்தைத் துண்டாலேயே துவட்டிவிடலாம்.

ஏற்காடா, சேலமா

குளிருக்குப் பயந்து சேலம் வேண்டாம். தொப்பி, காலுறை, அம்மாவின் வெறும் நெஞ்சோடு அணைத்து மேலே ஒரு போர்வை, இது போதும். மலையில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள். ஆனால் வேறு காரணத்துக்காக முதல் பத்து நாள் தங்கச்சி வீட்டில் இருங்கள் என்பேன். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் கொஞ்சம் மஞ்சளாகும், மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போய்ப் பெரும்பாலும் தானாக வடியும். அதில் எது வடியும், எது ஏறும் என்று வீட்டில் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிவது, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாவது, பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருப்பது, சிறுநீர் கறுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் காலை வெயிலில் காட்டிக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும். கார்த்திகை மழையில், ராத்திரியில், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதைவிட ஆட்டோவில் கால்மணி நேரத்தில் வந்து சேருவது நல்லதில்லையா? பத்து நாள் கழித்துக் குழந்தையைப் பார்க்கிற மருத்துவர் சரி என்றதும் தாராளமாக மலைக்கு ஏறுங்கள்.

அப்பா நெய்த வெண்பட்டு வேட்டி பற்றிக் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அது என் துறை இல்லை, என் மாமியார் பட்டை எப்படி வைக்கிறார் என்பதைத்தான் சொல்ல முடியும். பழைய பருத்தித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்கிறார். உருண்டை போடுவதில்லை. அவர் கூறைப் புடவை இன்னும் நன்றாக இருக்கிறது.

பெட்டியை என்ன செய்வது என்றால், எறிய வேண்டாம், அப்படியே வண்டியில் ஏற்றித் தங்கச்சி வீட்டு மொட்டை மாடிக்கு அனுப்புங்கள், சேலத்து வெயில் சும்மா தானே காய்கிறது. பிள்ளையோடு அங்கே தங்கும் நாட்களில் அது வீட்டுக்குள் மட்டும் வர வேண்டாம். உங்கள் பெண்ணிடம் அதைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், வேறு ஒன்றும் பேச வேண்டாம். பீரோவை மட்டும் ஏற்காட்டு வீட்டிலேயே சுத்தம் செய்தாக வேண்டும். புள்ளி விழுந்த துணிகளை வெளியே கொண்டு போய் உதறி, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுத் துவையுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டால் அதோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும். வாயையும் மூக்கையும் மாஸ்க்கால் மூடிக்கொள்ளுங்கள், வீட்டுக்காரர் கடைவீதிக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.